பழங்குடி உரிமைச் சட்டம்: உங்கள் மகள் எதில் தொடங்கலாம்?

பழங்குடி மக்களின் நில உரிமைக்காகப் பன்னாட்டு மன்றங்களில் வாதாட வேண்டும் என்று மகள் சொல்கிறாள், இதில் பிழைப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் எங்கே வேலை இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

அமெரிக்கக் கண்டங்களுக்கு வாஷிங்டனில் மனித உரிமை ஆணையமும் கோஸ்டாரிகாவின் சான் ஹோசேயில் நீதிமன்றமும் உள்ளன. ஆப்பிரிக்காவுக்கு காம்பியாவின் பஞ்சூலில் ஆணையம், தான்சானியாவின் அருஷாவில் நீதிமன்றம். ஆசியாவுக்கு அப்படியொரு நீதிமன்றம் இல்லை. அதனால் மகள் முதலில் முடிவுசெய்ய வேண்டியது மொழியை. லத்தீன் அமெரிக்கா என்றால் ஸ்பானிஷ் கட்டாயம். ஆப்பிரிக்கா என்றால் ஆங்கிலத்தோடு பிரெஞ்சு. சட்டப் படிப்பின் முதலாண்டிலேயே தொடங்கட்டும். முதுகலைக்குப் போகும்போது தொடங்கினால் வழக்குக் கோப்பைப் படிக்கும் அளவுக்குத் தேறுவது கடினம்.

அடுத்தது உள்நாட்டுச் சட்டம். பல மாணவர்கள் இதைத்தான் அலட்சியப்படுத்துகிறார்கள். உள்நாட்டு நீதிமன்றங்களில் இருக்கும் வழிகளை எல்லாம் முயன்று பார்த்த பிறகே மேலே சொன்ன கண்ட அளவிலான ஆணையத்துக்குப் போக முடியும். அமெரிக்கக் கண்டங்களுக்கான அமைப்பில், இறுதித் தீர்ப்பு கைக்கு வந்த 6 மாதத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். உள்நாட்டில் நியாயமான விசாரணைக்கு வழியில்லை, அல்லது வழக்கு காரணமின்றி இழுத்தடிக்கப்படுகிறது என்றால் விலக்கு கிடைக்கும். அதையும் ஆவணத்தோடு காட்ட வேண்டும். நியாயம் முழுக்க மக்கள் பக்கம் இருந்தும் மனு வாசலிலேயே திரும்புவது பெரும்பாலும் இங்கேதான். எனவே நிலச் சட்டமும் நிர்வாகச் சட்டமும் அவளுக்கு அத்துப்படியாக வேண்டும்.

சாட்சியம் சேர்ப்பதும் ஒரு தனிக் கலை. நிகராகுவாவின் அவாஸ் டிங்னி மக்களிடம் பட்டா கிடையாது. அவர்கள் நிலத்தில் மரம் வெட்ட ஒரு நிறுவனத்துக்கு அரசு உரிமம் கொடுத்தது. மானிடவியலாளரின் ஆய்வும் வரைபடமும் ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியும் சேர்ந்துதான் வழக்கைத் தாங்கின. 2001இல் சான் ஹோசே நீதிமன்றம், அமெரிக்கக் கண்டங்களின் மனித உரிமை ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவு சொல்லும் சொத்துரிமையில் சமூகக் கூட்டுடைமையும் அடங்கும் என்றது. வரைபட மென்பொருள், கள நேர்காணல், மொழிபெயர்ப்பாளரோடு வேலைசெய்யும் பழக்கம் ஆகியவற்றைக் கல்லூரியிலேயே கற்றுக்கொள்ளலாம்.

தீர்ப்போடு வேலை முடிந்துவிடாது. அவாஸ் டிங்னி மக்களுக்குப் பட்டா 2008 டிசம்பரில்தான் கிடைத்தது. கென்யாவின் ஒகியெக் மக்கள் 2017இல் அருஷாவில் வென்றார்கள்; இழப்பீட்டுத் தீர்ப்பு 2022இல் வந்தது. தீர்ப்பை அமல்படுத்த அரசை விடாமல் தொடரும் ஆட்கள் குறைவு. பொறுமையுள்ள இளைஞருக்கு இங்கே இடமிருக்கிறது.

பயிற்சிக்கு, வாஷிங்டனில் நடக்கும் அமெரிக்கக் கண்டங்களின் மனித உரிமை மாதிரி நீதிமன்றப் போட்டி நல்ல வாசல். ஆப்பிரிக்கப் பக்கம் போவதென்றால் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் மனித உரிமை முதுகலை சட்டப் படிப்பைப் பாருங்கள். வருமானத்துக்கு ஒரே வழியை நம்ப வேண்டாம்: இத்துறை அமைப்புகளில் பல திட்ட நிதியில் ஓடுகின்றன, ஒப்பந்தம் முடிந்தால் வேலையும் முடியும். வழக்கறிஞராகப் பதிவுசெய்து உள்நாட்டிலும் வழக்கு நடத்தும் தகுதி இருந்தால் இடைவெளியில் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. அந்தப் பதிவை முடித்துவிட்டு முதுகலைக்குப் போகச் சொல்லுங்கள்.