நாய்க்குத் தீராத அரிப்பு: மாய்ஸ்சரைசர் உதவுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு மிருக கிளினிக்கில் உதவியாளனாக இருந்தவன் நான், டாக்டர் இல்லை. அலர்ஜி நாய்களைக் குளிப்பாட்டியே கை ஊறிப்போனது. இந்த வாரம் வந்த கேள்விகள் இவை.

கேள்வி: நம் ஊரே வெக்கையும் ஈரமும்தான். நாய்க்கு எதற்கு அண்ணே மாய்ஸ்சரைசர்?

காற்றில் ஈரம் இருப்பது வேறு, தோல் தன் ஈரத்தைப் பிடித்து வைப்பது வேறு தம்பி. அலர்ஜி உள்ள பல நாய்களின் மேல்தோலில் செராமைடு என்ற கொழுப்பு குறைவாக இருக்கும். லயத்து வீட்டுத் தகரக் கூரையில் ஆணி ஓட்டை விழுந்த கதைதான். உள்ளே உள்ள நீர் வெளியேறும். வீட்டுத் தூசிச் சிற்றுண்ணி, மகரந்தம், கிருமி எல்லாம் உள்ளே இறங்கி அரிப்பைக் கிளப்பும். மாய்ஸ்சரைசர் ஓட்டையை அடைக்கும். அலர்ஜியைப் போக்காது.

கேள்வி: பாட்டி தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறார்.

பாட்டியோடு சண்டை போட வேண்டாம். முழங்கைக் காய்ப்புக்குத் துளி தேங்காய் எண்ணெய் போதும். உடம்பு முழுக்கப் பூசினால் தூசி ஒட்டும். அலர்ஜி நாய்களில் பெருகும் மலசீசியா என்ற ஈஸ்ட்டும் கொழுப்பைத் தின்று வளர்வதுதான். வேப்பெண்ணெயை நக்கினால் வாந்தி வரலாம். டீ ட்ரீ ஆயிலைத் தொடவே தொடாதீர்கள். நடுக்கம், தள்ளாட்டம் வரை கொண்டுபோய் விடும்.

கேள்வி: பேபி லோஷன்?

வேண்டாம் அக்கா. வாசனை சேர்த்தவை எரிச்சல் தரும். டயப்பர் கிரீமில் துத்தநாகம் இருக்கும். நாய் அதை நக்கி விழுங்கினால் ஆபத்து.

கேள்வி: எங்கள் ஷெப்பர்டுக்கு அடர்ந்த ரோமம். எப்படிப் பூசுவது? பூசியதும் நக்கிவிடுகிறான்.

நல்ல கேள்வி. பாதிப் பேர் ரோமத்துக்குத்தான் பூசுகிறார்கள், தோலுக்கு அல்ல. வாரம் ஒருமுறை, சூடில்லாத தண்ணீரில் நாய் ஷாம்பு போட்டு 10 நிமிடம் ஊறவிடுங்கள். (10 நிமிடம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரியும்!) நுரை போக அலசி, துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தோல் ஈரமாக இருக்கும்போதே, நாய்களுக்கென்று விற்கும் கிளிசரின், ஓட்ஸ் அல்லது செராமைடு சேர்ந்த ஸ்பிரேயோ நுரையோ எடுத்து, ரோமத்தை வகிடு பிரித்துப் பூசுங்கள். அக்குள், தொடையிடுக்கு, வயிறு, கால்விரல் இடுக்கு முக்கியம். உடனே சாப்பாட்டுத் தட்டை வையுங்கள், நக்குவதை மறந்துவிடுவான். நீர் வடியும் புண்ணில் மட்டும் பூசாதீர்கள். அது டாக்டர் பார்க்க வேண்டியது.

கேள்வி: இரண்டு வாரம் பூசிவிட்டேன், மாத்திரையை நிறுத்திவிட்டேன். அரிப்பு நிற்கவில்லையே?

அவசரப்பட்டுவிட்டீர்கள் ஐயா. தோல் தேற ஒன்றிரண்டு மாதம் ஆகும், அதுவும் மாத்திரைக்குத் துணையாகத்தான். அது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை என்றால் திடீரென நிறுத்துவதே தப்பு. இன்றே டாக்டரைக் கேளுங்கள். வாலடியில் தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள். விலை உயர்ந்த லோஷனோடு வந்த ஒரு நாயைச் சீப்பால் வாரினேன். லோஷனைவிடத் தெள்ளுதான் அதிகம் கொட்டியது.

கேள்வி: செம்பனைக் காட்டில் களைக்கொல்லி அடிக்கும் நாளில் அரிப்பு கூடுகிறதே?

அன்றைக்கு அவனைக் கட்டி வையுங்கள். தப்பி ஓடிவிட்டால், வந்ததும் கால், வயிற்றைப் பச்சைத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்த பிறகே லோஷன். கழுவாமல் மேலே பூசினால் களைக்கொல்லியையும் சேர்த்துத் தேய்த்தது போலாகும்.