மரத்து வேர்ல இருந்து வர்ற கெமிக்கல் பக்கத்துப் பயிரைக் கெடுக்குமா, இல்ல நிழல்தான் காரணமா?

கெடுக்கும். நிழலும் கெடுக்கும், மரம் தண்ணியை இழுத்துக்கிறதும் கெடுக்கும், வேர்லயும் சருகுலயும் இருந்து மண்ணுல எறங்குற கெமிக்கலும் கெடுக்கும். பிரிச்சுப் பாக்காமயே "எல்லாம் நிழல்தான்பா"ன்னு சொல்றவங்களை நம்பாதீங்க, நான் அப்படி நம்பி மூணு போகம் விட்டேன்.

நீங்க கேக்குறதைப் பாத்தாலே தெரியுது, வரப்போரம் ஒரு பட்டை மட்டும் சவலையா நிக்குது, அதானே? எனக்கும் அதேதான். வடக்கு வரப்புல பெரியப்பா பையன் வச்ச தைல மரம் ஒரே வரிசையா நிக்குது, அதுக்குத் தெக்கால என் உளுந்து. குளிர் காலத்துல சூரியன் தெக்க சாஞ்சுதான் போகும், அப்ப நிழல் முழுக்க அவங்க பக்கம் விழுது, ஆனா வாடி நிக்கிறது என் பயிரு. ஆலோசனை சொல்ல வந்தவர் வரப்புல எறங்கக்கூட இல்ல, யூரியா பத்தலைன்னுட்டுப் போயிட்டார். போட்டேன், ஒண்ணும் நடக்கல.

அப்புறம்தான் மூணு தொட்டி வச்சேன். ஒண்ணுல மரத்தை விட்டுத் தள்ளி என் வயலோட நடுக்காட்டு மண்ணு, ஒண்ணுல மரத்தடி மண்ணு, மூணாவதுல அதே மரத்தடி மண்ணோட அடுப்புக்கரியை இடிச்சுக் கலந்தது. ஒரே எடம், ஒரே டம்ளர் தண்ணி, தொட்டிக்கு 20 உளுந்து. நடுக்காட்டு மண்ணுல கிட்டத்தட்ட எல்லாமே வந்துடுச்சு. மரத்தடி மண்ணுல பாதிகூட வரல, வந்ததைப் புடுங்கிப் பாத்தா வேர் நுனி பழுப்பா சுருண்டு கெடக்கு, சல்லிவேரே இல்ல. கரி கலந்தது ரெண்டுக்கும் நடுவுல. கரி இந்த மாதிரி பொருளைப் புடிச்சு வச்சுக்கும், ஆராய்ச்சி பண்றவங்களும் இதுக்குக் கரியைத்தான் கலக்குறாங்க.

தொட்டியில நடக்குறது காட்டுல அப்படியே நடக்காதுன்னு யாராச்சும் கமெண்ட்ல வருவீங்க, எனக்கும் தெரியும். மழை அலசிடும், மண்ணுல இருக்குற நுண்ணுயிர் தின்னுடும், கரியே மண்ணோட சத்தையும் மாத்தும். ஆனா மூணு தொட்டிக்கும் நிழலும் தண்ணியும் ஒரே மாதிரி இருக்குறப்ப அந்த வேர் ஏன் சுருளுது, அதுக்கு பதில் சொல்லுங்க.

இது ஒண்ணும் புதுசு இல்ல. ஒரு செடி விடுற கெமிக்கல் பக்கத்துச் செடியைப் பாதிக்கிறதுக்கு ஹான்ஸ் மோலிஷ்னு ஒரு தாவரவியலாளர் 1937லயே அல்லெலோபதின்னு பேர் வச்சுட்டார். கருப்பு வால்நட் மரத்து வேர்ல ஒரு பொருள் இருக்கு, உள்ள இருக்குறப்ப பெருசா விஷம் இல்ல, வெளிய வந்து காத்துப் பட்டதும் ஜுக்லோன்ங்கிற விஷமா மாறுது, பக்கத்துத் தக்காளி வாடிப்போகும். மரம் மட்டுமில்ல, சோளத்தோட வேர்முடி நுனியில எண்ணெய் மாதிரி ஒரு சொட்டு கசியும், சோர்கோலியோன்னு பேரு, பக்கத்துல மொளைக்கிற களையை அது வளர விடாது.

இதையெல்லாம் சொல்லி, வரப்போரமா வேரை மட்டும் வெட்டிக்கிறேன்னு கேட்டா பெரியப்பா பையன் உடனே "எடத்துக்கு அடி போடுறியா"ன்னுட்டான். வருஷா வருஷம் வரப்பை என் பக்கம் தள்ளி வெட்டுறது யாரு? இதுவரைக்கும் அதைப் பத்தி நான் வாயே தொறக்கல. ரெண்டு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல, எங்கப்பாவுக்கு உடம்பு முடியாதப்பகூட வந்து பாக்கல.

சரி, பண்ண வேண்டியது. சருகை மழைக்கு முன்னாடியே வாரிடுங்க, பச்சையா மடக்கி உழுதுடாதீங்க. உங்க பக்கமே வரப்பை ஒட்டி மூணு அடி ஆழத்துக்குப் பள்ளம் பறிச்சு, உள்ள வர்ற வேரை வெட்டுங்க. இது தண்ணிப் போட்டியையும் சேத்துக் கொறைக்கும், அதனால பயிர் தேறுனா அது கெமிக்கல் போனதாலதான்னு நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தேறுச்சு. ஆனா ரெண்டாவது வருஷம் தோண்டிப் பாத்தா பள்ளத்துக்கு அடியில பூந்து வெரல் தண்டிக்கு மறுபடி வேர் வந்திருந்துச்சு, திரும்ப வெட்டுனேன்.

உங்களுது என்ன மரம்னு போடலையே, அதைச் சொல்லுங்க.