எதிர்ப்பொருள்: கணக்கு எங்கே உதைக்கிறது?

மதிப்பிற்குரிய ஐயா,
வி, டி, ஜே என்ற மரபணுத் துண்டுகள் கலந்து சேர்வதால்தான் கிருமிகளைப் பிடிக்கும் கோடிக்கணக்கான எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடிகள்) உண்டாகின்றன என்று படித்தேன். துண்டுகளின் எண்ணிக்கையைப் பெருக்கிப் பார்த்தால் சில லட்சங்களிலேயே நின்றுவிடுகிறதே? என் கணக்கில் பிழையா?
கா.

அன்புள்ள கா.,

பிழை இல்லை. எதிர்ப்பொருள் என்பது கனச் சங்கிலி, இலேசுச் சங்கிலி என்ற புரத இழைகள் சேர்ந்தது. கனச் சங்கிலிக்கு 14ஆம் குரோமோசோமில் வேலைசெய்யும் வி துண்டுகள் ஏறக்குறைய 40, டி 23, ஜே 6. பெருக்கினால் 5,520. இலேசுச் சங்கிலிகள் இரண்டு வகை. இரண்டுக்குமாக 300 சொச்சம் சேர்க்கைகள். எல்லாம் சேர்த்தும் 20 லட்சத்துக்குள் அடங்கிவிடும். சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல என்று சொல்லி நிறுத்தும் பாடங்கள் முக்கியமானதை விட்டுவிடுகின்றன. மீதிப் பெருக்கத்தில் பெரும்பகுதி, துண்டுகள் ஒட்டுகிற இடத்தில் நடக்கிறது.

எலும்பு மஜ்ஜையில், எந்தக் கிருமியையும் பார்ப்பதற்கு முன்பே, எதிர்ப்பொருளை உண்டாக்கும் வெள்ளணுவான பி செல் இந்த வேலையைத் தொடங்கிவிடும். ராக்-1, ராக்-2 புரதங்கள் துண்டின் ஓரத்தில் வெட்டுகின்றன. அங்கே 7 டிஎன்ஏ எழுத்தும் 9 எழுத்துமாக ஓர் அடையாளம், நடுவில் 12 அல்லது 23 எழுத்து இடைவெளி. 12 உள்ளது 23 உள்ளதோடுதான் சேரும். கனச் சங்கிலியில் வி, ஜே இரண்டும் 23. டி இருபுறமும் 12. வி நேராக ஜே-யில் போய் ஒட்டாததற்கு இதுதான் காரணம்.

வெட்டிய முனை கொண்டை ஊசிபோல மடங்கி மூடிக்கொள்ளும். ஆர்ட்டெமிஸ் என்ற நொதி அதைச் சற்றுத் தள்ளித் திறக்கும். சில எழுத்துகள் அரிபடும். பிறகு டெர்மினல் டிரான்ஸ்ஃபரேஸ் என்ற இன்னொரு நொதி, பார்த்து எழுத எந்தப் பிரதியும் இல்லாமல், தன்போக்கில் புது எழுத்துகளைச் சேர்க்கும். டிஎன்ஏ மும்மூன்று எழுத்தாக வாசிக்கப்படும்; ஒவ்வொரு மூன்றும் ஓர் அமினோ அமிலம். பல வி துண்டுகளில் கடைசி முழு மூன்று ஏஜிஏ, அது ஆர்ஜினைன். கடைசி ஏ போய் அங்கே ஒரு சி வந்தால் ஏஜிசி, அதாவது செரின். ஒன்றுக்குப் பதில் இரண்டு சி சேர்ந்தாலோ, அதற்குப் பிறகு வரும் வாசிப்பு முழுவதும் ஓர் எழுத்து நகர்ந்து சங்கிலியே வீண். மூன்றில் இரண்டு ஒட்டல்கள் இப்படித்தான் கெடுகின்றன. செல் தன் இன்னொரு 14ஆம் குரோமோசோமில் முயலும். அதுவும் தவறினால் மடியும். இவ்வளவு வீணையும் உடல் பொறுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு: இந்த ஒட்டுதான் எதிர்ப்பொருளின் நுனியில், கிருமியைத் தொடும் பள்ளத்தின் நடுவே வந்து அமர்கிறது.

ஆபத்தும் இங்கேதான். வெட்டுப்பட்ட 14ஆம் குரோமோசோம் 18ஆவதோடு தவறி ஒட்டினால், செல் மடிவதைத் தடுக்கும் பிசிஎல்-2 மரபணு ஓயாமல் இயங்கும்; ஃபாலிகுலர் லிம்போமா என்ற பி செல் புற்றுநோயில் பெரும்பாலும் காண்பது இதைத்தான். டி செல் என்ற இன்னொரு வெள்ளணுவும் தன் ஏற்பியை இதே வெட்டலால்தான் அமைக்கிறது; ராக் அடியோடு இல்லாவிட்டால் பி செல்லும் இல்லை, டி செல்லும் இல்லை. டி செல்லில் வெட்டி எறிந்த டிஎன்ஏ வளையமாகச் சுருண்டு செல்லுக்குள் கிடக்கும். பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த ரத்தத்துளியில் அந்த வளையங்களை எண்ணியே இக்குறையை முதல் வாரங்களில் கண்டுபிடிக்கிறார்கள்.