பம்ப்பா, இன்ஜெக்டரா, வெறும் வயரா?

கேள்வி: என்னிடம் 2003-ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் எஸ்.வி.டி. கோப்ரா இருக்கிறது. பழைய வண்டியாகத்தான் வாங்கினேன். முந்தைய உரிமையாளர், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கம்பெனி சூப்பர்சார்ஜரைக் கழற்றிவிட்டு ட்வின் ஸ்க்ரூ வகை ஒன்றைப் பொருத்தியிருக்கிறார். அது தரும் கூடுதல் காற்றழுத்தம், அதாவது பூஸ்ட், 12 பிஎஸ்ஐ. மற்றபடி எரிபொருள் பாகங்கள் எல்லாம் ஃபோர்டு போட்டவை. திறனை அளக்கும் டைனோவில் ஏற்றியபோது சக்கரத்தில் 430 குதிரைத்திறன் வந்தது. ஆனால் 5,500 ஆர்பிஎம்மைத் தாண்டியதும் காற்று-எரிபொருள் விகிதம் 11.6-இலிருந்து 12.6-க்குப் போய்விட்டது, அதாவது பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்துவிட்டது என்று, எஞ்சின் கணினியை அமைத்துத் தரும் டியூனர் நிறுத்திவிட்டார். எனக்கு 500 வேண்டும். ஒரு பட்டறையில், மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் முறைக்கு மாற்றி, 80 பவுண்டு (மணிக்கு அவ்வளவு பெட்ரோல் தெளிக்கும்) இன்ஜெக்டர் போட்டுத் தர 3,400 டாலர் கேட்கிறார்கள். நண்பர் ஒருவர், “அதெல்லாம் வேண்டாம், என்னிடம் பழைய 60 பவுண்டு இன்ஜெக்டர் எட்டு இருக்கிறது, 150 டாலர் கொடு” என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— வாசகர், கான்டன், மிச்சிகன்

பதில்: இப்போதைக்கு இருவர் பேச்சையும் கேட்காதீர்கள். அந்த டியூனருக்கு மட்டும் ஒரு காபி வாங்கிக் கொடுங்கள். பூஸ்ட் ஏறிய நேரத்தில் கலவை மெலிந்தால் பிஸ்டன் உருகவும், ரிங் இருக்கும் இடம் உடையவும் சில விநாடிகள் போதும். உங்கள் வண்டியின் இரும்பு பிளாக்கும் ஃபோர்ஜ் செய்த ராடும் பிஸ்டனும் பெயர் பெற்றவைதான். ஆனால் பெட்ரோல் கிடைக்காத சிலிண்டரை எந்த ஃபோர்ஜிங்கும் காப்பாற்றாது.

காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டால் டைனோவில் நடந்தது விளங்கிவிடும். சூப்பர்சார்ஜர் வைத்த எஞ்சின் பெட்ரோலில் ஓடும்போது ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு சுமார் 0.62 பவுண்டு குடிக்கும். ஃபோர்டு சொன்ன 390 குதிரைத்திறனுக்கு 242 பவுண்டு. எட்டால் வகுத்தால் ஒரு இன்ஜெக்டருக்கு 30. உங்கள் வண்டியில் இருப்பது 39 பவுண்டு இன்ஜெக்டர். அதாவது கம்பெனியிலிருந்து வந்தபோது அது முக்கால் நேரத்துக்குச் சற்று மேல்தான் திறந்திருந்தது. அளவறிந்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது சக்கரத்தில் 430. கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும் தின்பதைச் சேர்த்தால் எஞ்சினில் சுமார் 505. அதற்கு இன்ஜெக்டர் ஒன்றுக்கு 39 பவுண்டு தேவை. உங்களிடம் இருப்பதும் 39! குழாயை முழுதாகத் திறந்துவிட்டாயிற்று, இனித் திருக இடமில்லை. 6,000 ஆர்பிஎம்மில் ஒரு சுழற்சிக்குக் கிடைப்பதே 20 மில்லிவிநாடி. அதற்குள் ஊற்ற முடிந்ததுதான் பெட்ரோல்.

அப்படியானால் நண்பர் சொல்வது சரிதானே என்று தோன்றும். பாதிதான் சரி. கணக்கு இன்ஜெக்டரைக் காட்டுகிறது. ஆனால் இருபது வருடத்துக்கும் மேலான வண்டியில் பம்ப்பும் ஃபில்டரும் வயரும் அதே வேளையில் கை விரித்திருக்கலாம். பட்டறைக்காரர் இதைப் பார்த்தாரா? பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. பார்ப்பதற்குப் பெரிய செலவும் இல்லை. உங்கள் கோப்ராவில் ரிட்டர்ன் லைனும் கிடையாது, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் கிடையாது. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயான ஃப்யூல் ரெயிலில் இருக்கும் சென்சார், அந்த ரெயிலின் அழுத்தத்துக்கும் எஞ்சினுக்குள் காற்று நுழையும் மேனிஃபோல்டின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து சொல்ல, எஞ்சின் கணினி அதற்கேற்ப, பம்ப்புக்கு மின்சாரம் தரும் டிரைவர் மாட்யூல் வழியாகப் பம்ப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. பூஸ்ட் எவ்வளவு ஏறினாலும் அந்த வித்தியாசம் 40 பிஎஸ்ஐ அருகிலேயே நிற்க வேண்டும். எனவே அடுத்த டைனோ ஓட்டத்தில் இதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். எண் அசையாமல் நின்று கலவை மட்டும் மெலிந்தால் இன்ஜெக்டர் போதவில்லை. எண் 30, 28 என்று சரிந்தால் டேங்க் பக்கம்தான் கோளாறு. அந்த நிலையில் எந்த அளவு இன்ஜெக்டர் போட்டாலும் வீண்.

பதிவைப் படிக்கும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கணினி மாட்யூலுக்கு அனுப்பும் கட்டளை 50 சதவீதம் என்று தெரிந்தால் பாதி மிச்சம் இருப்பதாக மகிழ்ந்துவிடாதீர்கள். மாட்யூல் அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளும். 50 என்றால் பம்ப் முழு வேகத்தில் ஓடுகிறது.

அழுத்தம் சரிகிறது என்றால் பம்ப் வாங்க ஓடாதீர்கள். மாட்யூலுக்குள் நுழையும் மின் வயரில், முழு ஆக்ஸிலரேட்டரில், வோல்ட்மீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 13.8 இருக்க அங்கே 12 மட்டுமே வந்தால், பம்ப் தன் பங்கைச் செய்யத் தயாராக இருந்தும் பட்டினி கிடக்கிறது. தடித்த வயரும் ஒரு ரிலேயும் நல்ல எர்த்தும் போட்டாலே தீர்ந்துவிடுவதுண்டு. ஃபில்டரை எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி 500-க்கு வருவோம். சக்கரத்தில் 500 என்றால் எஞ்சினில் சுமார் 590. மணிக்கு 366 பவுண்டு பெட்ரோல். இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று கொண்டால், ஒன்றுக்கு 54 பவுண்டு தேவை. 60 பவுண்டு தாராளம். பம்ப்புக்கு அதே கணக்கு மணிக்கு 225 லிட்டர். கொஞ்சம் கையிருப்பு வைத்தால் 270. விளம்பரத்தில் “255 லிட்டர்” என்று போடுகிறார்களே, அது சுமார் 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் சொன்ன எண். உங்கள் பம்ப் தள்ள வேண்டியது 40-உடன் பூஸ்ட்டின் 12-ஐயும் சேர்த்து 52-க்கு எதிராக. அழுத்தம் ஏற ஏறப் பம்ப் தரும் அளவு குறையும். எண்ணை மட்டும் படித்து வாங்காதீர்கள். எந்த அழுத்தத்தில், எந்த வோல்ட்டில் என்று கேட்டு வாங்குங்கள்.

உங்கள் டேங்கில் ஏற்கெனவே இரண்டு பம்ப் உண்டு. ஃபோர்டு ஜிடி சூப்பர் காருக்காகச் செய்த பம்ப்புகளை அதே இடத்தில் பொருத்திக்கொள்வது கோப்ரா வைத்திருப்பவர்களிடம் நெடுநாள் வழக்கம். உங்கள் இலக்குக்கு அது போதும். ரிட்டர்ன் முறை நல்லதுதான், தப்பாகச் சொல்லமாட்டேன். ஆனால் பம்ப் எந்நேரமும் முழு வேகத்தில் ஓடிப் பெட்ரோலைச் சூடாக்கி டேங்குக்குத் திருப்பும், கணினியின் பம்ப் கட்டுப்பாட்டை அணைக்க வேண்டிவரும், கசியக்கூடிய இணைப்புகள் இரட்டிப்பாகும். 700-ஐ நோக்கிப் போகிறவருக்கு அது. 80 பவுண்டு இன்ஜெக்டரும் உங்களுக்குப் பெட்ரோலில் தேவையில்லை.

பம்ப்பின் வோல்ட்டை 17 வரை உயர்த்தும் பெட்டி ஒன்று விற்கிறார்கள். மலிவு, வேலையும் செய்கிறது. இருபது வயது பம்ப்பை மேலும் சாட்டையால் அடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

மஸ்டாங்கில் பம்ப் மாற்ற டேங்கை இறக்க வேண்டும். அந்தக் கூலியை ஒரே ஒருமுறை கொடுங்கள்: இரண்டு பம்ப், உறிஞ்சும் வலை, சீல், டேங்குக்குள் இருக்கும் ஹோஸ் எல்லாம் ஒன்றாக மாறட்டும். ஹோஸில் 30ஆர்10 என்ற குறி இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கத் தகுந்தது அதுதான். வெளியே போடும் சாதாரண ரப்பர் ஹோஸ் உள்ளே ஊறிப் பிளந்து, புதுப் பம்ப்பின் அழுத்தத்தையெல்லாம் டேங்குக்குள்ளேயே கொட்டிவிடும். பம்ப் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொரு பம்ப் வாங்குவீர்கள்.

நண்பரின் 150 டாலர் இன்ஜெக்டர்? எட்டையும் சோதனைக்கு அனுப்பி, ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபாடு என்று சீட்டு வாங்கச் சம்மதித்தால் பார்க்கலாம். எட்டில் ஒன்று பத்து சதவீதம் குறைவாகத் தெளித்தாலும் டைனோ மீட்டர் சராசரியைத்தான் காட்டும். அந்த ஒரு சிலிண்டர் சத்தமில்லாமல் வெந்துகொண்டிருக்கும். திறக்க எடுக்கும் நேரம் எந்த வோல்ட்டில் எவ்வளவு என்ற அட்டவணையும் டியூனருக்கு வேண்டும். அது இல்லாத இன்ஜெக்டர் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். நட்புக்குச் சங்கடம் என்றால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

புது இன்ஜெக்டரைப் போட்டுப் பழைய டியூனிங்கோடு பட்டறைவரை ஓட்டிப் போகலாம் என்று எண்ணாதீர்கள். 39 என்று நம்பிக்கொண்டிருக்கும் கணினி 60-ஐத் திறந்தால், நின்ற இடத்திலேயே பெட்ரோலில் மூழ்கும்.

கேள்வி (அதே வாசகர்): பக்கத்துப் பங்க்கில் எத்தனால் கலந்த இ85 மலிவாகக் கிடைக்கிறது. அதற்கே மாறிவிட்டால்?

பதில்: நாக்கிங் (கலவை தப்பான நேரத்தில் வெடிப்பது) தாங்குவதில் இ85-க்கு நிகர் பங்க்கில் எதுவும் இல்லை. ஆனால் அதே திறனுக்கு 40 சதவீதம் அதிகமாக ஊற்ற வேண்டும். மேலே போட்ட கணக்கில் 366 பவுண்டு 512 ஆகும். இன்ஜெக்டர் 75 பவுண்டுக்குக் குறையக் கூடாது. பம்ப் கையிருப்பில்லாமலே மணிக்கு 300 லிட்டர். பட்டறைக்காரர் 80 பவுண்டு சொன்னது இதை மனத்தில் வைத்தா என்று கேளுங்கள். அப்படியென்றால் அவர் மேல் எனக்கு இருந்த சந்தேகத்தில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

பெயர்தான் இ85. அமெரிக்கத் தர வரையறைப்படி எத்தனால் 51 முதல் 83 சதவீதம் வரை பருவத்துக்கேற்ப மாறலாம். குளிர்காலத்தில் குறைத்துக் கலப்பார்கள். உங்கள் ஊர்க் குளிருக்கு இது சிறிய விஷயமில்லை. எத்தனால் அளவைப் படிக்கும் சென்சாரும் அதைப் புரிந்துகொள்ளும் டியூனிங்கும் இல்லாமல் இறங்கினால், ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் சீட்டாட்டம்தான். மைலேஜ் அடிவாங்குவதால் “மலிவு” என்பதும் பெரும்பாலும் கரைந்துவிடும்.

கேள்வி: 2013 செவர்லே கமாரோ இசட்எல்1 ஒன்று விலைக்கு வருகிறது. “எரிபொருள் முறை முழுதும் மேம்படுத்தப்பட்டது, இ85-க்கு டியூன் செய்யப்பட்டது” என்று விளம்பரம். நம்பி வாங்கலாமா?
— வாசகர், ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

பதில்: உங்கள் மாநிலத்தில் குதிரைத்திறனைவிட முக்கியமான எண் ஒன்று இருக்கிறது: மாநிலக் காற்றுவள வாரியம் ஒவ்வொரு மாற்றுப் பாகத்துக்கும் கொடுக்கும் அனுமதி ஆணை எண். அது இல்லாத இன்ஜெக்டரும் டியூனிங்கும் பொதுச்சாலையில் ஓட்டச் சட்டப்படி ஆகாது. 2021 ஜூலையிலிருந்து புகைச் சோதனை நிலையத்தில் கணினியின் மென்பொருளையும் சரிபார்க்கிறார்கள். பானட்டைத் திறந்து பார்ப்பதோடு முடிந்துவிடுவதில்லை.

விற்பனையின்போது 90 நாளுக்குள் எடுத்த புகைச் சான்றிதழைத் தருவது விற்பவரின் கடமை. “நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், விலையில் 500 குறைக்கிறேன்” என்றால் நடையைக் கட்டுங்கள். சான்றிதழைக் காட்டினாலும், கழற்றிய கம்பெனிப் பாகங்கள் இருக்கின்றனவா, டியூனிங் கோப்பின் நகல் கிடைக்குமா என்று கேளுங்கள். வாங்கிய பிறகு இன்ஜெக்டர் என்ன அளவு என்று தெரியாமல் நிற்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வால்ப்ரோ கம்பெனியின் எரிபொருள் பம்ப் இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?
— பெயர் வேண்டாம் என்கிறார்

பதில்: பாதி விலைக்குக் கிடைப்பது வால்ப்ரோ என்று எழுதிய பெட்டி. அந்தப் பெயரில் போலிகள் பல வருடமாகச் சுற்றுகின்றன. அச்சு, ஸ்டிக்கர் எல்லாம் அசல் மாதிரியே. கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் பட்டியலில் உள்ள கடையில் மட்டும் வாங்கி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றுதான் பெயர் வேண்டாம் என்கிறீர்கள் போலிருக்கிறது. டேங்கில் போடுவதற்கு முன் திருப்பி அனுப்பிவிடுங்கள். பெட்ரோல் பட்ட பம்ப்பை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.