மிச்சிகன் ஏரிக்கு 9 நாள்: முழு வட்டம் வேண்டாம், பாதியில் கடந்துவிடுங்கள்

கேள்வி: ஜூலை கடைசியில் டாலஸிலிருந்து சிகாகோவுக்குப் பறந்து, அங்கே கார் எடுத்து மிச்சிகன் ஏரியை முழுதாகச் சுற்றிவர நினைக்கிறோம். 9 நாள் இருக்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவும் வருகிறார்கள். இருவருக்கும் 70 தாண்டிவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி. மகளுக்கு 12 வயது. சிகாகோ, மில்வாக்கி, டோர் கவுண்டி, மேக்கினா தீவு, மணல்மேடுகள் எல்லாம் பார்க்க ஆசை. எந்த வரிசையில் போகலாம்?

பதில்: வரிசையைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று: முழு வட்டம் வேண்டாம். சுற்றிவர 900 மைலுக்குக் குறையாது. அதிலும் கிரீன் பேயிலிருந்து மேக்கினா பாலம் வரை பெரும்பாலும் காட்டுச் சாலைதான். அழகான சாலை, ஆனால் முழங்கால் வலியோடு ஒரு நாள் முழுக்கக் காரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தண்டனை. ஏரி வடக்குத் தெற்காக 300 மைல் நீளம், அகலமோ அதிகபட்சம் 118 மைல். அதனால் நடுவில் கப்பலில் கடந்துவிடுங்கள்.

விஸ்கான்சினில் உள்ள மானிடோவாக்கிலிருந்து மிச்சிகனில் உள்ள லடிங்டனுக்கு எஸ்.எஸ். பேட்ஜர் என்ற கப்பல் காரையும் ஏற்றிக்கொண்டு போகிறது. 1953இல் ஓடத் தொடங்கிய, இன்னும் நிலக்கரியில் ஓடும் நீராவிக் கப்பல். 60 மைல், 4 மணி நேரம். மில்வாக்கியிலிருந்து மஸ்கீகனுக்கு இரண்டரை மணி நேரத்தில் போகும் வேகக் கப்பலும் உண்டு. உங்கள் குடும்பத்துக்கு நான் பேட்ஜரைத்தான் சொல்வேன். பெரிய கப்பல், மெதுவாகப் போகிறது, கால் நீட்டிப் படுக்கத் தனி அறை வாடகைக்குக் கிடைக்கும், நீங்கள் போக வேண்டிய வடக்குப் பக்கத்துக்கு அருகிலேயே கொண்டு விடுகிறது. அம்மாவுக்குப் படி ஏறச் சிரமம் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். கார் நிற்கும் தளத்துக்கு நடுவழியில் திரும்பப் போக முடியாது. மாத்திரை, ஸ்வெட்டர் எல்லாம் கையோடு இருக்கட்டும். ஜூலையிலும் நடு ஏரியில் காற்று சில்லென்று அடிக்கும். லடிங்டனில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சிகாகோவில் முதல் இரண்டு இரவு. அங்கே கார் வேண்டாம், பார்க்கிங் கட்டணமே பர்ஸைக் காலி செய்துவிடும். ஊரைவிட்டுக் கிளம்பும் காலையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் கட்டடங்களைக் காட்டும் படகுச் சுற்றுலா, நடக்க முடியாதவர்களுக்கென்றே அமைந்தது போலிருக்கும். அந்த ஆறு முன்பு ஏரிக்குள் பாய்ந்தது. ஊர்க் கழிவு குடிநீரில் கலக்கிறதென்று 1900இல் கால்வாய் வெட்டி அதை எதிர்த்திசையில் திருப்பிவிட்டார்கள். மகளுக்குச் சொல்லுங்கள், ஆற்றைப் பார்க்கும் பார்வையே மாறும்.

மூன்றாம் நாள் மில்வாக்கி. கலைக் கூடத்தின் கூரைமேல் 217 அடி அகலத்தில் வெள்ளைச் சிறகுகள் உண்டு. நண்பகலில் அவை மடங்கித் திரும்ப விரியும். காற்று பலமாக இருந்தால் மூடியே வைத்திருப்பார்கள். இரவு மானிடோவாக்கில் தங்கி மறுநாள் கப்பல். விஸ்கான்சினில் ஏரிக்குள் நீளும் தீபகற்பமான டோர் கவுண்டியை விட்டுவிடுங்கள். அதற்கு இரண்டு இரவாவது தேவை. அங்குள்ள செர்ரித் தோப்பும் விரிகுடாவும் மிச்சிகன் கரையில் நீங்கள் தங்கப்போகும் டிராவர்ஸ் சிட்டியிலும் உண்டு, ஜூலையில் அங்கே செர்ரி அறுவடைக் காலம்.

லடிங்டனில் ஓரிரவு, அப்புறம் டிராவர்ஸ் சிட்டியில் மூன்று இரவு. பெட்டியைத் தினமும் கட்டி அவிழ்க்காமல் இருப்பதே பெரியவர்களுக்குப் பாதி ஓய்வு.

இந்தப் பயணத்தின் உயிர் டிராவர்ஸ் சிட்டிக்கு மேற்கே உள்ள ஸ்லீப்பிங் பேர் மணல்மேடுகள். நுழைவுக் கட்டணம் காருக்கு 25 டாலர், 7 நாள் செல்லும். பியர்ஸ் ஸ்டாக்கிங் சாலையில் காரிலேயே சுற்றி வரலாம், 7 மைல் சொச்சம். ஏரியைப் பார்க்கும் மேடையில் நின்றால் காலடியில் மணல் 450 அடி சரிந்து நீரில் முடியும். கரையோரம் வெளிர்பச்சை, தள்ளிப் போகப் போகக் கருநீலம். அங்கே பலர் சரிவில் இறங்கி ஓடுவார்கள். இறங்க ஐந்து நிமிடம், ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல், ஒவ்வோர் அடிக்கும் மணல் பின்னால் இழுக்கும். மகளைக் கண்டிப்பாக இறங்க விடாதீர்கள். அவளுக்கு டூன் க்ளைம்ப் இருக்கிறது: கீழிருந்து ஏறிவிட்டு உருண்டு வரலாம், தாத்தா பாட்டி அடிவாரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். மதிய வெயிலில் மணல் காலைச் சுடும், காலையில் போங்கள். மாலையில் மேடைக்குத் திரும்புங்கள். இந்தக் கரையில்தான் சூரியன் ஏரிக்குள் இறங்கும், அதுவும் இரவு 9 மணிக்குமேல்.

மேக்கினா தீவுக்கு ஒரு நாள். டிராவர்ஸ் சிட்டியிலிருந்து படகுத்துறைக்குக் காரில் இரண்டு மணி நேரம், அங்கிருந்து படகு. தீவில் 1898 முதல் மோட்டார் வாகனத்துக்குத் தடை. பெரியவர்களுக்குக் குதிரை வண்டி, உங்களுக்கும் மகளுக்கும் வாடகை சைக்கிள். கரையைச் சுற்றும் 8 மைல் சாலை சமதளமானது.

போகிற வழியில் பெடோஸ்கி ஊர்க் கரையில் நின்று மகளைப் பெடோஸ்கி கல் பொறுக்க விடுங்கள். காய்ந்திருக்கும்போது சாதாரண சாம்பல் கல்தான். நீரில் நனைத்தால் அறுகோணக் கட்டங்கள் துலங்கும். சுமார் 35 கோடி ஆண்டுக்கு முந்தைய பவளத்தின் புதைபடிவம் அது. ஸ்லீப்பிங் பேர் எல்லைக்குள் மட்டும் எந்தக் கல்லையும் எடுக்கக்கூடாது.

குளிக்கும்போது கவனம். உப்பில்லாத நீர்தானே என்று நினைக்க வேண்டாம், கடலைப்போல அலை அடிக்கும், உள்ளே இழுக்கும் நீரோட்டமும் உண்டு. கரையில் சிவப்புக் கொடி என்றால் இறங்காதீர்கள். நீருக்குள் நீளும் கல் அணைகளின் பக்கத்தில் நீந்தவே கூடாது, அலை அதில் மோதித் திரும்பும்போது பிடிப்பே கிடைக்காது. இன்னொன்று, கரையிலிருந்து ஏரிப்பக்கம் காற்று வீசினால் மேல்நீர் தள்ளப்பட்டு அடிநீர் மேலே வரும். நேற்று இதமாக இருந்த தண்ணீர் இன்று பனிக்கட்டியாக இருக்கும்.

எட்டாம் நாள் தெற்கே இறங்கி, மிச்சிகனிலேயே உள்ள ஹாலந்து என்ற ஊரில் தங்குங்கள். கடைசி நாள் இண்டியானா டூன்ஸ் பூங்காவில் ஒரு மணி நேரம் கால் நீட்டிவிட்டு சிகாகோ விமான நிலையம். விமானம் மாலை 6 மணிக்குப் பிறகு இருக்கட்டும். அந்தப் பக்க நெரிசலை நம்ப முடியாது. இந்தத் திசையில் போனால் விஸ்கான்சின் கரையில் வடக்கே ஏறும்போதும் மிச்சிகன் கரையில் தெற்கே இறங்கும்போதும் ஏரி உங்களுக்கு வலப்பக்கமே வரும், நினைத்த இடத்தில் ஓரங்கட்டலாம்.

முன்பதிவில் முதலில் கப்பல், காருக்கும் சேர்த்து. அந்தத் தேதி உறுதியான பிறகு டிராவர்ஸ் சிட்டி அறை. ஜூலையில் அதுதான் சீக்கிரம் நிரம்பும், விலையும் அதிகம். மகளின் பள்ளி இடம் கொடுத்தால் செப்டம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு போங்கள். தண்ணீரில் சூடு மிச்சமிருக்கும், கூட்டம் கலைந்திருக்கும்.