வி.ஆர் போட்டா சத்தி வருது, வித்துரவா?

கேள்வி: கட்டார்ல இருக்கிற அண்ணன் குவெஸ்ட் 2 எண்ட, தலையில மாட்டி விளையாடுற வி.ஆர் ஹெட்செட் ஒண்டு அனுப்பினவர். வாளால கட்டை வெட்டுற பீட் சேபர் கேம் எவ்வளவு விளையாடினாலும் ஒண்டுமில்ல, ஆனா நடந்து திரியிற கேம் போட்டா கொஞ்ச நேரத்துல வேர்த்து ஊத்தி சத்தி வருது. கூட்டாளிமார் விடாம விளையாடு பழகிரும் எண்டுறாங்க. எனக்கு ஏதும் வருத்தமா, இத வித்துரவா?
- களுவாஞ்சிகுடி வாசகர்

பதில்: விக்காதீங்க தம்பி, உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. பீட் சேபர்ல நீங்க நிண்ட இடத்துலயே நிக்கிறீங்க, கட்டைகள்தான் உங்களப் பாத்து வருது, கை வீசுறது குனியிறது எல்லாம் உங்கட சொந்த உடம்பு, அதால கண்ணுக்கும் உடம்புக்கும் பிரச்சினையே வராது. மத்த கேம்ல கொன்ரோலர்ல இருக்கிற ஸ்டிக்கத் தள்ளினதும் கண்ணு போறன் எண்டுது, உள்காதுக்குள்ள அசைவ உணருற உறுப்புக்கு ஒரு அசைவும் தெரியாததால அது நிக்கிறன் எண்டுது, ரெண்டும் பொருந்தாமத்தான் பிரட்டுது. கண்டிக்குப் போகக்க 18 வளைவுல போனப் பாத்துக்கொண்டு இருந்தா வாற அதே பிரட்டல்தான், அங்க உடம்பு போகுது கண்ணு நிக்குது, இங்க மறுபக்கம்.

கூட்டாளிமார்ர கதைய தயவுசெஞ்சு கேக்காதீங்க. பிரட்டலோட விளையாடி ஹெட்செட்டக் கண்டாலே குமட்டுற அளவுக்குப் போன ஆக்கள் இருக்காங்க. வேர்க்கத் தொடங்கினதும் கழட்டிருங்க, முழுசாத் தெளிஞ்ச மறுகாதான் திரும்பப் போடணும், அண்டைக்குத் தெளியாட்டி அடுத்த நாள். கழட்டின கையோட மோட்டர்சைக்கிள் எடுக்கவும் வேணாம்.

கேம் செட்டிங்ஸ்ல டெலிபோர்ட் (நடக்காம, காட்டின இடத்துக்கு ஒரேயடியாப் பாயுறது) இருந்தா அதுல தொடங்குங்க, 2020ல வந்த ஹாஃப்-லைஃப் அலிக்ஸ் எண்ட பேர்போன வி.ஆர் கேம்லயே அது இருக்கு, அதுல வெக்கப்பட ஒண்டுமில்ல. ஸ்டிக்கால மெதுவாச் சுத்துறதுதான் கனபேருக்கு நடக்கிறத விட மோசம், அத நிப்பாட்டி ஸ்னாப் டேர்ன் (ஒரு தள்ளுக்கு டக்கெண்டு கொஞ்சம் திரும்புறது) போடுங்க, ஏலுமெண்டா எழும்பி நிண்டு உடம்பாலயே திரும்புங்க. ஓரத்த இருட்டாக்கிற விக்னெட்டையும் போடுங்க. முன்னுக்கு ஒரு ஃபேன் ஓடட்டும், காத்து முகத்துல படுறதும் நல்லம், எந்தப் பக்கம் பாத்து நிக்கிறம் எண்டும் உடம்புக்குத் தெரியும். லென்ஸ் இடைவெளியையும் பாருங்க, குவெஸ்ட் 2ல 58, 63, 68 மில்லிமீட்டர் எண்டு மூண்டுதான், முகம் பாக்கிற கண்ணாடிக்கு முன்னால நிண்டு அடிமட்டம் பிடிச்சு ரெண்டு கருமணிக்கும் இடையில அளந்து கிட்டினதுல வைங்க.

கேள்வி: குவெஸ்ட் 2 போட்டு விறாந்தையில விளையாடக்க கேமுக்குள்ள என்ட கை எங்கயோ பறக்குது, கொன்ரோலர் பழுதா?
- அக்கரைப்பற்று வாசகி

பதில்: பழுதா இருக்காது தங்கச்சி. கொன்ரோலர் வளையத்துல நம்மட கண்ணுக்குத் தெரியாத சின்ன லைட்டுகள் இருக்கு, ஹெட்செட் கெமராக்கள் அதப் பாத்துத்தான் கை எங்க எண்டு கண்டுபிடிக்கிது, வெயில்பட்டா அந்த வெளிச்சம் மறைஞ்சு போகும், நல்லா இருட்டினா சுவரே கெமராவுக்குத் தெரியாது. அறைக்குள்ள பல்ப் போட்டு விளையாடிப் பாருங்க, பற்றரியையும் மாத்துங்க. இன்னொண்டு, ஹெட்செட்ட வெயில் விழுற இடத்துல மட்டும் வெச்சிராதீங்க, லென்ஸ் வெயிலக் குவிச்சு உள்ள இருக்கிற ஸ்கிரீன எரிச்சிரும், விளையாடாத நேரம் துணி ஒண்டால லென்ஸ மூடி வைங்க.