இயல்பான திருமணப் படங்கள்: முன்பணம் தருவதற்கு முன்

கேள்வி: என் மகளுக்கு வரும் தை மாதத்தில் காட்பாடியில் ஒரு மண்டபத்தில் திருமணம். யாரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்காத, இயல்பான படங்கள்தான் வேண்டும் என்று இன்ஸ்டாகிராமில் ஏராளமான படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறாள். நாங்கள் விசாரித்த ஸ்டூடியோ, வழக்கமான படங்களுக்கு ஒரு தொகையும் ‘கேண்டிட்’ எனப்படும் இந்த இயல்பான படங்களுக்கு ஏறக்குறைய அதே அளவு கூடுதல் தொகையும் கேட்கிறது. இது நியாயம்தானா? எதைப் பார்த்து முடிவு செய்வது?
– ஒரு தாய், குடியாத்தம்

பதில்: அந்தக் கூடுதல் தொகைக்கென்று தனியாக ஒருவர் வருவாரானால் நியாயம், மேடையில் வரிசையாக நிற்பவர்களை எடுப்பவரே இடையிடையே இதையும் எடுப்பார் என்றால், அதைத் தர வேண்டியதில்லை. கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் மணமக்களுக்கு நேர் எதிரே நின்று தாலி கட்டுவதை எடுப்பவரால், நாத்தனார் மூன்றாவது முடிச்சுக்குக் கை நீட்டுவதையும், இரண்டடி தள்ளி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் உங்களையும் அதே நொடியில் எடுக்க முடியாது. ஆகவே எத்தனை பேர் வருவார்கள், யார் வருவார் என்பதைப் பெயரோடு எழுதி வாங்குங்கள். ஒரே முகூர்த்த நாளில் இரண்டு மூன்று திருமணங்களை ஒப்புக்கொண்டு, உங்கள் மகளுக்குப் பிடித்த படங்களை எடுத்தவரை ஒரு மண்டபத்துக்கும், நாள்கூலிக்கு அழைத்த ஒருவரை இன்னொரு மண்டபத்துக்கும் அனுப்புவது இந்தத் தொழிலில் நடக்கிறது.

அடுத்தது, எதைப் பார்ப்பது என்பது. இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருப்பவை பல திருமணங்களிலிருந்து பொறுக்கி எடுத்த ஒன்றிரண்டு படங்கள். ஒரே திருமணத்தின் படங்களை, நலங்கு முதல் பந்தி வரை, முழுவதுமாகக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் உங்கள் மண்டபத்தைப் போன்ற மூடிய மண்டபத்தில், விடியற்காலை முகூர்த்தத்தில் எடுத்ததாக இருக்கட்டும். தை மாதத்தில் நம் பக்கம் சூரியன் உதிக்க ஆறரை மணி ஆகிவிடும் என்பதால், 4.30 – 6.00 முகூர்த்தம் என்றால் இயற்கை வெளிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மேடையின் மஞ்சள் விளக்கு, கூடத்தின் வெள்ளை எல்.இ.டி., வீடியோக்காரர் முகத்துக்கு நேரே பிடிக்கும் விளக்கு ஆகிய மூன்றும் கலக்கும்போது, ஒரு கன்னம் மஞ்சளாகவும் மறு கன்னம் நீலமாகவும் விழும். அந்த வெளிச்சத்திலும் தோலின் நிறம் கெடாமல் எடுத்திருக்கிறார் என்றால், அவருக்குத் தாராளமாகப் பணம் தரலாம்.

உங்கள் மகளிடமும் ஒன்று சொல்லுங்கள். சேர்த்து வைத்த படங்களில் மிகவும் பிடித்த பத்தை எடுத்து, ஒவ்வொன்றிலும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கட்டும். பெரும்பாலானவை சன்னல் ஓரத்திலோ, திறந்த வெளியில் மாலை வெயிலிலோ எடுத்தவையாக இருக்கும். வரவேற்பு மேடையில், பரிசுப் பையோடு வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும்போது, அவை கிடைக்க மாட்டா. முதல் நாள் பகலில் வீட்டில் நடக்கும் நலங்குக்குப் படம் எடுப்பவரை வரவழையுங்கள். மண்டபத்தில் சன்னல் உள்ள அறையை மணப்பெண்ணுக்கு ஒதுக்கி, வரவேற்புக்கான அலங்காரத்தை மூன்று மணிக்கே தொடங்கி, ட்யூப் லைட்டை அணைத்துவிட்டுச் சன்னல் பக்கம் நாற்காலியைப் போடுங்கள். சித்தி சடை பின்னிப் பூ வைக்கும் அந்த அரை மணி நேரத்தில் கிடைக்கும் படங்கள் எந்த பேக்கேஜிலும் எழுதப்பட்டிருக்காது. நிகழ்ச்சிகளை நெருக்கி வைத்துவிட்டு இயல்பான படம் கேட்டால், எவ்வளவு தேர்ந்த கலைஞராலும் தர இயலாது.

வேலூர்க் கோட்டையில் திருமணத்துக்கு முன்கூட்டியே படம் எடுக்கும் எண்ணம் இருந்தால், அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது என்பதால், அனுமதி பெறுவது யார் பொறுப்பு என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சென்னை ஸ்டூடியோ ஒன்று என் தங்கையின் திருமணப் படங்களை எங்களைக் கேட்காமலே தன் பக்கத்தில் விளம்பரமாகப் போட்டிருக்கிறது. எட்டு மாதங்களாகியும் ஆல்பம் வரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் பதிப்புரிமை, வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரையில், எடுக்கச் சொன்னவருக்கே உரியது என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே முதலில் ரசீதின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்களா என்று தெரிய வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால், நீக்கச் சொல்லும் உரிமை உங்கள் குடும்பத்துக்கு உண்டு.

ஆல்பத்துக்கு, 15 நாள் கெடு வைத்து, சேர்த்ததற்கான சான்றுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதிலும் தீராவிட்டால், ஸ்டூடியோ சென்னையில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம்; கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தர வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் அனுப்பிய விவரத்தையும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, ஆல்பம் எப்போது வந்தாலும் சரி என்று சொல்லி, எடுத்த படங்கள் முழுவதையும் உங்கள் ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல் வாங்கிவிடுங்கள். இட நெருக்கடியில் பழைய கோப்புகளை அழித்துவிட்டார்கள் என்றால், ஆணையம் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லலாமே தவிர, படங்களைத் தரச் சொல்ல வழியிராது.